எரு கூடக் கூடக் கிழங்கு குறைந்த வரைபடம்

இன்று காலை கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் ஒருவர் ஆறு மூட்டை ஆட்டுப் புழுக்கையை நம் பஸ்ஸில் ஏற்றினார். நடத்துனர் கீழே இறங்கி நின்று கத்தினார். "யோவ், இது பஸ்ஸா, லாரியா? இன்னா நெனச்சிக்கினு ஏத்துற?" மூட்டைக்காரர் அசரவில்லை. "மலைக்கு வேற வண்டி ஏதுங்க? லக்கேஜ் போட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டையைப் பின்வாசலில் தள்ளினார். வண்டி மலையேறத் தொடங்கியதும் அந்த வாடை முன் சீட் வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. என் மடியில் ஒன்பதாம் வகுப்பின் விடைத்தாள் கட்டு இருந்தது. அந்த வாடையும் இந்தக் கட்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது எனக்கு உன்மேல் வந்த கோபத்தை யாரிடம் சொல்ல? நீ இருந்திருந்தால் பக்கத்து சீட்டிலேயே கொட்டித் தீர்த்திருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் விடைத்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. கேள்வி இதுதான்: ஒரு மாணவி ஐந்து தொட்டிகளில் ஐந்து அளவாக உரம் போட்டுச் செடிகளின் உயரத்தை அளக்கிறாள், இதில் சாரா மாறி எது, சார்ந்த மாறி எது? போன வாரம் முழுக்க இதைத்தான் நடத்தினேன். நாமாக மாற்றுவது சாரா மாறி, அதனால் மாறுவது சார்ந்த மாறி. வரைபடத்தில் முன்னது கீழே படுத்திருக்கும் கோட்டில் வரும், பின்னது நிமிர்ந்து நிற்கும் கோட்டில் வரும். பிள்ளைகள் ஜன்னல் அதிரக் கத்தினார்கள். தாளைத் திருத்த எடுத்தால் பாதிப் பேர் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள். ஒருவன் சாரா மாறி 'தொட்டி' என்கிறான். ஒருத்தி 'மாணவி' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாள். இன்னொருவன் இரண்டு இடத்திலும் 'உயரம்' என்றே எழுதிவிட்டான், ஏதாவது ஒன்று சரியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. அவன் பிழைத்துக்கொள்வான்.

பதினேழு வருடமாக இதை நடத்துகிறேன். பதினேழு வருடமும் இதே கதைதான். பயிற்சிக்குப் போனால் வண்ண அட்டை செய்யச் சொல்கிறார்கள். செய்தேன். சாரா மாறிக்குப் பச்சை, சார்ந்த மாறிக்குச் சிவப்பு. இப்போது பிள்ளைகள் எழுந்து நின்று கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? "டீச்சர், உரம் பச்சையா, செவப்பா?" அந்த அட்டையை அப்படியே சுருட்டி அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

நீ வந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? நீ திருக்கோவிலூர்க்காரி. வடக்கனந்தலில் வாழ்க்கைப்பட்டு, மலைமேல் நம் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாறுதல் வாங்கிக்கொண்டு வந்தாய். நான் கள்ளக்குறிச்சியில் ஏறி உனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பேன். இரண்டு வாரத்திலேயே நமக்குள் 'டீச்சர்' போய் 'இன்னாடி' வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் மட்டும் பழையபடி டீச்சர். உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். நான் கத்துவது உனக்குக் கேட்கும், நீ சிரிப்பது எனக்குக் கேட்கும்.

அந்த மாதம் ஒரு நாள் வகுப்பில் ஒரு பையனைக் கேட்டேன். "வெயில் ஜாஸ்தியானா துணி சீக்கிரம் காயுது. இதுல எது சாரா மாறி?"

"துணி, டீச்சர்."

"எப்படிடா?"

"நாம மாத்துறதுதான டீச்சர் சாரா மாறி? வெயில நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. துணியத்தான கொடியில அங்க இங்க நகத்திப் போடுறோம்."

அவன் நான் சொன்ன விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தான். பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் செய்வதைச் செய்தேன். உட்காருடா என்று அதட்டினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நீ சிரித்தாய்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தாய். "அவன் ஒண்ணும் தப்பா சொல்லலடி. ரூலை ஒப்பிக்க வெச்சா ரூல்தான் வரும். எது எதப் பார்த்து மாறுதுன்னு கேளு, அவ்ளோதான். துணி வெயிலப் பார்த்துக் காயுது. வெயில் துணியப் பார்த்தா அடிக்குது?"

"பரீட்சையில இத எழுதினா மார்க்க உங்கப்பனா வந்து போடுவான்?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. கடலைத் தொலியை ஜன்னல் வழியாக ஊதிவிட்டு, "மார்க் கம்மியானா இன்னா, பையனுக்குப் புரிஞ்சா போதும்" என்றாய். உனக்கென்ன, கணக்கில் விடை ஒன்றுதான், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும். நான்தான் பிள்ளைகளின் வார்த்தைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்படியெல்லாம் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் நீ சொன்னபடி கேட்டுப் பார்த்திருந்தால் பலித்திருக்கும் என்றும் தெரியும். வீம்புக்காகக் கேட்கவில்லை.

அந்த வீம்புதான் கோகிலாவிடம் கொண்டுபோய் விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த அந்தப் பெண். பேச்சு குறைவு, கண் மட்டும் எதையும் விடாது. கரியாலூர் தாண்டிச் சரிவில் அவள் அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம், மரவள்ளி போட்டிருந்தார். அறிவியல் கண்காட்சிக்கு ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது செய்துகொண்டு வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எரிமலை, சோலார் விளக்கு என்று எல்லோரும் கடையில் வாங்கி ஒட்டுவார்கள். நாம் நிலத்திலிருந்து செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. 'ஆட்டெரு கூடினால் மரவள்ளி விளைச்சல் கூடுமா?' தலைப்பைக் கேட்டு நீயே பாராட்டினாய்.

கோகிலாவிடம் நான் சொன்னது இதுதான்: "உங்கப்பாவ வழக்கம்போல எரு போடச் சொல்லு. ஒவ்வொரு வரிசைக்கும் எத்தன கூடை போடுறாருன்னு நீ எண்ணி எழுதிக்க. கெழங்கு பிடுங்கும்போது வரிசை வரிசையா எடை போட்டு எழுதிக்க." அந்த 'வழக்கம்போல'தான் என் தலையில் விழுந்த கல். அப்போது உறைக்கவில்லை. பன்னிரண்டு வரிசைக்கு அந்தப் பெண் மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் எழுதி வைத்தாள். பொங்கல் கழித்துக் கிழங்கு பிடுங்கினார்கள். கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வரைபடம் போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள்.

புள்ளிகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டு போயின. எரு கூடக் கூடக் கிழங்கு குறைந்திருந்தது. எட்டுக் கூடை போட்ட வரிசையில் கிழங்கு கொஞ்சம்தான், இரண்டு கூடை போட்ட வரிசையில் தாராளமாக விளைந்திருந்தது.

நடுவர்கள் சிரிப்பார்கள். மலைப்பள்ளிக்கு இவ்வளவுதான் தெரியும் என்பார்கள். "நீ கூடைக் கணக்க மேலகீழ மாத்தி எழுதிட்ட. திருப்பிப் போடு" என்றேன்.

"இல்ல டீச்சர், சரியாத்தான் எழுதினேன். எங்கப்பா சோணிச் செடிக்குத்தான் எரு ஜாஸ்தி போடுவாரு. நல்லா வர்றதுக்கு எதுக்குன்னு உட்டுடுவாரு."

விடை முழுதும் அந்த இரண்டு வரியில் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் நடத்தியவளுக்கு அது காதில் விழவில்லை. "எதிர்த்துப் பேசாத. நான் சொல்றத எழுது" என்றேன். அவள் கூடைக் கணக்கைத் தலைகீழாக எழுதிப் புது அட்டையில் புதுப் புள்ளிகள் வைத்தாள். கோடு ஒழுங்காக மேலே ஏறியது.

அன்று சாயங்காலம் அட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ சும்மா பார்த்தாய். பழைய தாளும் உள்ளே மடித்து இருந்ததைப் பார்த்துவிட்டாய். என்னவென்று கேட்டாய். சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அவ அப்பா இன்னா பண்றாரு? செடியப் பார்த்துட்டு எருவ மாத்துறாரு. அப்போ எது எதப் பார்த்து மாறுச்சு? எருவுதான்டி இங்க சார்ந்த மாறி. புள்ள கண்ணால பார்த்ததச் சொல்லியிருக்குது. நீ அத அழிச்சிட்டு பொய்ய எழுத வெச்சிக்கினு வர்ற."

"ரெண்டு நாள்ல நான் இன்னாடி பண்றது? திரும்பக் கெழங்கு நடட்டுமா?"

"அப்படியே கொண்டு போ. ஏன் கொறைஞ்சுதுன்னு அந்தப் புள்ளையே நடுவருக்குச் சொல்லட்டும். அதவிட நல்ல பிராஜெக்ட் இன்னா இருக்குது?"

"உனக்குப் பேசறதுக்கு ஈசி. உன் பேர் இல்ல அதுல."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினேன். வடக்கனந்தலில் இறங்கும்போது நீ குனிந்து ஒன்று மட்டும் சொன்னாய். "பரிசு வாங்கு, வாங்காத. ஆனா தப்பு என்னுதுன்னு அந்தப் புள்ளகிட்ட நீ சொல்லணும். உன் வாயால." மறுநாள் முதல் நான் உனக்கு இடம் போடவில்லை. நீ பின்னால் போய் உட்கார்ந்தாய். சித்திரை விடுமுறை வரைக்கும் அப்படித்தான் போனோம், ஒரே பஸ்ஸில் இரண்டு ஊர்க்காரிகள் மாதிரி.

பரிசு வந்தது. இரண்டாம் பரிசு. கோகிலா மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குக் கூட எடுத்துப் போகவில்லை. அதற்கப்புறம் வகுப்பில் அவளிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னா எழுதணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர், எழுதிடுறேன்." திமிராகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஓர் அறை விட்டுவிட்டு மறந்திருப்பேன். உண்மையாகவே கேட்டாள். நான் சொல்வதுதான் விடை, தான் பார்ப்பது இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். பதினேழு வருடத்தில் ஒரே ஒரு பாடத்தை முழுசாகப் புரிய வைத்திருக்கிறேன் என்றால் அது இதுதான்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. முதலில் கட்டி என்றார்கள், பிறகு வேறு பேர் சொன்னார்கள். வைகாசியில் நான் உன் வீட்டுக்கு ஓடி வந்தபோது சண்டையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சென்னைக்கும் வடக்கனந்தலுக்குமாக அலைந்தாய். மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டாய். சனிக்கிழமைகளில் வந்து உன் கட்டில் பக்கம் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் சொல்வேன். ஆவணியில் ஒரு நாள், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், திடீரென்று கேட்டாய்.

"கோகிலாகிட்ட சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"இன்னா சொல்லுச்சு?"

"சிரிச்சிதுடி. பரவால்ல டீச்சர்னுச்சு."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உன்னை அந்த நிலையில் நோகடிக்கக் கூடாது என்று சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். உன்னிடம் மறுபடி தோற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். நானும் பிழைத்தோம் என்று பஸ் ஏறினேன். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

பத்தாம் வகுப்பில் கோகிலா தினமும் எதிரில்தான் இருந்தாள், நான் சொல்லவில்லை. நீ போன பிறகு கேட்க ஆளில்லை, சொல்லவும் அவசியமில்லை என்று விட்டுவிட்டேன். அவள் பத்தாவது முடித்து வெள்ளிமலைப் பக்கம் பதினொன்றில் சேர்ந்துவிட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

இன்று அந்த மூட்டைக்காரர் பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றபோதுதான் அடையாளம் தெரிந்தது. கோகிலாவின் அப்பா. செடி முளைத்து இரண்டு மாதம் ஆகிறதாம், எரு வைக்க வேண்டுமாம். கோகிலா எந்தக் குரூப் என்று கேட்டேன்.

"வரலாறு குரூப்புங்க. சயின்ஸு எடுக்கறதுக்கு மார்க் இருந்துது. அது வாணாம்னுடுச்சு. நமக்கு அதெல்லாம் வராதுப்பான்னு சொல்லிடுச்சு."

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. என்மேலா, அந்தச் சுற்றறிக்கைமேலா, அன்றே என்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் சொல்லிவிட்டு மட்டும் இறங்கிப்போன உன்மேலா? நிலத்தில் கிழங்கை நகம் தேயப் பிடுங்கி எடை போட்டவளுக்கு அறிவியல் வராது என்றால் வேறு யாருக்கு வரும்? பள்ளியில் இன்று பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு. என்ன நடத்தினேன் என்று கேட்காதே. மத்தியானம் மணி அடித்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தச் சரிவை நோக்கி நடந்தேன்.

கோகிலா நிலத்தில்தான் இருந்தாள். இடுப்பில் கூடை. என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நின்றபடியே அவளிடம் சொல்லிவிட்டேன். உன் கணக்கு சரி, என் புத்திதான் தப்பு, நீ சொன்னதைக் கேட்காமல் பொய்யை எழுத வைத்தேன், சாரா மாறி எது என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறியதாலும்தான்.

அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"நீங்க வருவீங்கன்னு கணக்கு டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

"எப்போ?"

"பொரட்டாசில டீச்சர். அவங்களுக்கு உடம்பு முடியலன்னு நானும் அப்பாவும் வடக்கனந்தல்ல பார்க்கப் போனோம். சயின்ஸ் டீச்சர் உங்கிட்ட வந்து பேசினாங்களான்னு கேட்டாங்க. இன்னா பேசணும்னு நான் கேட்டேன். பக்கத்துல உக்காரச் சொன்னாங்க. அப்புறம், வருவாங்க, லேட்டாவும், ஆனா கண்டிப்பா வருவாங்கன்னாங்க."

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கோகிலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடி மாதந்தான், குரூப் மாற்றிக்கொள்ளலாம், நானே வந்து உங்கள் ஹெச்.எம்.மிடம் பேசுகிறேன் என்று சொன்னேன். உடனே தலையாட்டிவிடுவாள், நான் சொன்னதாலேயே ஆட்டிவிடுவாள் என்று பயந்தேன்.

"யோசிச்சி சொல்றேன் டீச்சர்" என்றாள்.

அது போதும். அவள் அறிவியல் எடுக்காமலே கூடப் போகட்டும்.

ஆனால் உன்னை நான் விடப்போவதில்லை. ஆவணியில் பொய் சொன்னேன். புரட்டாசியில் கோகிலா வந்தபோது அது பொய் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் இரண்டு சனிக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். உனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். வகுப்பில் நடந்ததையெல்லாம் சொன்னேன், நீ கேட்டுக்கொண்டிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டும் இருந்தாய். கோகிலாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டி கேட்கவில்லை? அந்த இரண்டு சனிக்கிழமையையும் இனி நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைக்கு ஒரு தடவை நீ என்னைத் திட்டியிருந்தால் போதும், அங்கேயே இறக்கி வைத்திருப்பேன்.